தானம் வந்த மாட்டின் பல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தையும் அதோடு அனுப்பியிருந்த விமர்சனத்தையும் படித்தேன். 'தீஃப் 2' விளையாட்டுக்காக ரசிகர் ஒருவர் செய்த மிஷனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, கடைசியில் பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். எழுதி முடித்த பிறகு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. காசு வாங்காமல் ஒருவர் செய்து கொடுத்ததை இப்படிக் குறை சொல்லலாமா, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதையாகிவிடாதா என்று கேட்கிறீர்கள். வேறு சிலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும் என்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். உங்கள் பெயரையும் அந்த மிஷனின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும். உங்களிடம் எனக்குள்ள குறை வேறு. பல்லைப் பார்க்கிறேன் என்று போய் கொம்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இந்த உலகம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1998ல் 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எதிரே வருபவனையெல்லாம் சுட்டுத் தள்ளுவதுதான் கேம் என்றிருந்த காலம். இதில் நாயகன் காரெட் ஒரு திருடன். இடுப்பில் வாள் உண்டு. ஆனால் இரண்டு காவலாளிகள் சேர்ந்து வந்தால் அவன் கதை முடிந்தது. இருட்டில் ஒதுங்கி, ஓசைப்படாமல் நடந்து, வந்த வேலையை முடித்துக்கொண்டு போக வேண்டும். திரையின் அடியில் ஓர் ஒளிக்கல் இருக்கும். அது கறுத்திருந்தால் நீங்கள் மறைந்திருக்கிறீர்கள், ஒளிர்ந்தால் மாட்டப்போகிறீர்கள். கம்பளத்திலும் புல்லிலும் காலடி கேட்காது. கல்தரையிலும் இரும்புத் தகட்டிலும் வீடே எழுந்துவிடும். தண்ணீர் அம்பு தீப்பந்தத்தை அணைக்கும், பாசி அம்பு தரையை மெத்தையாக்கிக் காலடியை விழுங்கும், கயிற்று அம்பு மரத்தில் தைத்து ஏற வழி கொடுக்கும்.

2000 மார்ச்சில் இரண்டாம் பாகம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். ஆனால் அதற்குள் ட்ரோமெட் என்ற லெவல் செய்யும் கருவி ரசிகர்கள் கைக்குப் போயிருந்தது. கடை மூடிய பிறகும் சரக்கு வந்துகொண்டே இருக்கிற அதிசயம் அப்படித்தான் தொடங்கியது. இன்றைக்கு ஃபேன் மிஷன்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2005ல் ஸாயா என்ற நாயகியை வைத்து 13 மிஷன்கள் கொண்ட 'டி2எக்ஸ்' வந்தது. தனி விளையாட்டு என்றே விற்றிருக்கலாம். 2009ல் 'டூம் 3' என்ஜின்மேல் 'டார்க் மாட்' என்று ஒன்றை எழுப்பினார்கள். 2013ல் அது தன் காலிலேயே நிற்கும் விளையாட்டாக மாறியது. அதற்கும் நூற்றுக்கு மேல் மிஷன்கள் உண்டு. முதல் விளையாட்டின் 25ஆம் ஆண்டை ஒட்டி 2023ல் 'தி பிளாக் பரேட்' என்ற பத்து மிஷன் தொடர் வெளிவந்தது. ஒரு குழு ஏழு ஆண்டு உட்கார்ந்து செய்தது. எதற்கும் ஒரு பைசா வாங்கவில்லை.

இனி உங்கள் விமர்சனத்துக்கு வருகிறேன்.

முதல் குற்றச்சாட்டு: "மாளிகை வெறிச்சோடிக் கிடக்கிறது, பதற்றமே இல்லை." அதற்கு நாலு வரி முன்னால் நீங்களே எழுதியிருப்பது: "காவலாளிகளை ஒவ்வொருவராகப் பின்னாலிருந்து தடியால் அடித்துக் கிடத்திவிட்டு நிதானமாகச் சுற்றினேன்." நண்பரே, வீட்டைக் காலி செய்தது நீங்கள்! தடியை எடுத்தால் இந்த விளையாட்டு எவருக்கும் சுலபம். அடித்த ஆளை இருட்டு மூலையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போகிறவர் அந்த மிஷனின் காவல் சுற்றுகள் எப்படிப் பின்னப்பட்டிருந்தன என்பதைப் பார்க்கவே மாட்டார். அதே மிஷனை எவரையும் தொடாமல், எவர் கண்ணிலும் படாமல், திறந்த கதவைத் திரும்பச் சாத்திவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். கோஸ்டிங் என்பார்கள். அவர்களுக்கு அந்த மாளிகை வேறு மாளிகை. நான் எல்லாரையும் கோஸ்ட் செய்யச் சொல்லவில்லை. எனக்கே அதற்குப் பொறுமை கிடையாது. ஆனால் எப்படி விளையாடினேன், எந்தக் கடின நிலையில், நார்மலா ஹார்டா எக்ஸ்பெர்ட்டா என்பதை விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். தீஃபில் எக்ஸ்பெர்ட் என்றால் எதிரிக்கு உயிர் கூடுதல் என்ற கணக்கு இல்லை. செய்து முடிக்க வேண்டிய வேலைகளே மாறும். பெரும்பாலும் எவரையும் கொல்லக் கூடாது; சில மிஷன்களில் அடித்துக் கிடத்தவும் கூடாது. நார்மலில் ஆடியவரும் எக்ஸ்பெர்ட்டில் ஆடியவரும் எழுதுகிற விமர்சனங்கள் ஒரே மிஷனைப் பற்றியவையே அல்ல.

இரண்டாவது குற்றச்சாட்டு: "வழியெல்லாம் வளைவு, எங்கும் கதவு, ஒரு பெரிய வெளி கிடையாது." அந்த மிஷன் எந்த ஆண்டு வந்தது என்று பார்த்தீர்களா? ட்ரோமெட்டில் உலகம் தொடங்கும்போது முழுக்கக் கெட்டிப் பாறை. அதற்குள் காற்றைச் செதுக்கி அறை உண்டாக்க வேண்டும்; அறைக்குள் மறுபடி கெட்டிப்பொருள் வைத்துத் தூண் நிறுத்த வேண்டும். எது முதலில் வைத்தது, எது அடுத்தது என்ற வரிசை மாறினால் சுவர் காணாமல் போகும். அதோடு பழைய என்ஜினில், ஒரே பார்வையில் எத்தனை பரப்புகள் தெரியலாம் என்பதற்குக் கடுமையான வரம்பு உண்டு. மீறினால் காட்சி உடைந்து தெரியும். ஆகவே நீண்ட பார்வையை வெட்டுவதற்காகவே வழியை வளைத்தார்கள், நடுவில் கதவு வைத்தார்கள். 2012 செப்டம்பரில் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளாத ஒருவர் இந்த என்ஜினைத் திருத்தி வெளியிட்டார். நியூடார்க் என்று பெயர். பழைய வரம்புகள் பல அன்றோடு உயர்ந்தன. இரண்டு காலத்து மிஷன்களையும் ஒரே கண்ணால் பார்ப்பது நியாயமில்லை. சொல்லப்போனால், வளைவுக்கு அந்தப் பக்கம் எவன் வருகிறான் என்று காலடியை வைத்தே கணக்குப் போட வைத்த பழைய இடுக்குகள் சில, இன்றைக்குப் பரந்து கிடக்கும் சதுக்கங்களைவிட எனக்குப் பிடிக்கும். வரம்பு போனதும் பலருக்குக் கை கட்டுக்கடங்கவில்லை. ஊர் முழுவதையும் கட்டிவிட்டு, அதில் பாதி வீடுகளுக்குள் ஒரு வெள்ளித் தட்டும் ஒரு படுக்கையும் தவிர ஒன்றும் இல்லாமல் விட்டவர்கள் உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை ஒரு தகுதியாக எழுதாதீர்கள்.

மூன்றாவதுதான் உங்கள் விமர்சனத்தின் உயிர். அதற்கு நீங்கள் கொடுத்திருப்பது அரை வரி: "ஒரு சாவியைத் தேடி அலுத்துப்போனேன்." எங்கே அலுத்தீர்கள்? அந்தச் சாவி எங்கே இருந்தது? அங்கே இருக்கிறது என்று உங்களுக்கு ஏதாவது சொன்னதா?

மறைந்து ஆடும் விளையாட்டில் லெவலை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான்: தண்டிப்பதற்கு முன் சொன்னதா? சண்டை விளையாட்டில் அடி வாங்கினால் உடனே திருப்பி அடிக்கலாம். இங்கே உங்கள் கையில் இருப்பது தகவல் மட்டும். அதைக் கொடுக்காமல் தண்டிக்கிற லெவல், எத்தனை அழகாக இருந்தாலும், ஏமாற்றுகிறது.

அசல் விளையாட்டின் பஃபோர்டு பிரபு மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை விட்டால் முதல் திருட்டே அதுதான். ஒரு செங்கோலைத் தூக்க வேண்டும். தெருவில் வந்து நிற்கும்போதே இரண்டு காவலாளிகள் கரடிச் சண்டை பார்க்கப் போவதைப் பற்றி வம்பளக்கிறார்கள். சிரிப்புக்காக வைத்த உரையாடல் மாதிரித் தெரியும். ஆனால் ஆள் கண்ணில் படுவதற்கு முன் குரல் வந்துவிடும், காதை நம்பு என்ற முதல் பாடம் அதிலேயே முடிந்துவிட்டது. முன்வாசலில் காவல் நிற்கிறது. பார்த்ததுமே இது வழியில்லை என்று தெரிகிறது. சுற்றி வந்தால் கிணற்று வீடு. தண்ணீருக்குள் குதித்தால் மாளிகையின் அடித்தளம். எவரும் அம்புக்குறி போட்டுக் காட்டவில்லை. கட்டடமே சொல்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டால் தப்பு உங்களுடையது என்று உங்களுக்கே தெரியும்.

காவலாளியின் மூளையும் இதே நோக்கத்தோடு செய்யப்பட்டதுதான். நேர் எதிரே கூர்மையாக, ஓரங்களில் மங்கலாக என்று அவனுக்குப் பல பார்வைக் கூம்புகள். சந்தேகமும் படிப்படியாகத்தான் ஏறும். முதலில் ஏதோ கேட்டதாக முணுமுணுப்பான். அடுத்து தேடத் தொடங்குவான். உறுதியான பிறகுதான் கத்திக்கொண்டு ஓடிவருவான். அந்த முணுமுணுப்பு அவன் தனக்குச் சொல்லிக்கொள்வது அல்ல. உங்களுக்குச் சொல்கிற எச்சரிக்கை.

ரசிகர் மிஷன்கள் இங்கேதான் வழுக்குகின்றன. ஒலியைப் பாருங்கள். இந்த என்ஜினில் சத்தம் சுவரைத் துளைத்து நேராகப் போவதில்லை. அறையிலிருந்து வாசல் வழியாக அடுத்த அறைக்கு நடந்து போகிறது. அது நடப்பதற்கு, செய்தவர் ஒவ்வோர் இடத்தையும் ஒலிக்கான கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளாகப் பிரித்து அடுக்கியிருக்க வேண்டும். சலிப்பான வேலை. அவசரத்தில் செய்தால், பக்கத்து அறையில் இரும்புத் தரையில் நீங்கள் ஓடினாலும் காவலாளிக்குக் கேட்காது. அல்லது அவன் காலடி உங்களுக்குக் கேட்காமல் திடீரென்று கதவில் வந்து நிற்பான். படமெடுத்துக் காட்டினால் அந்த அறை அற்புதமாக இருக்கும். விளையாடினால் குருட்டாட்டம். "ஏனோ இந்த இடம் சரியில்லை" என்று நீங்கள் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 'ஏனோ'வைத் துரத்திப் போயிருக்க வேண்டும். ஒளியும் அப்படியே. விளக்கு இல்லாத மூலையில் வெளிச்சம் விழுந்தால், அதை அணைக்க என்ன செய்வது? தீப்பந்தத்துக்குக் கீழே இருட்டாக இருந்தால் கண்ணை நம்புவதா, ஒளிக்கல்லை நம்புவதா? 'அழகான வெளிச்சம்' என்று பாராட்டுவதற்கு முன்னால், அந்த வெளிச்சத்துக்கு ஒரு காரணம் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

சாவிக்குத் திரும்புகிறேன். சமையற்காரி எழுதிவைத்த சீட்டில், எஜமானர் தன் சாவியை நாய்க்கூண்டுப் பக்கம் எங்கோ தொலைத்துவிட்டார் என்று ஒரு புலம்பல் இருந்து, நீங்கள் அதைப் படிக்காமல் தாண்டியிருந்தால், அந்த அலைச்சல் உங்கள் பாடு. சாவி ஓர் இருட்டு உத்தரத்தின் மேல், எந்தக் குறிப்பும் இல்லாமல், கிட்டத்தில் போய் நேரே பார்த்து, பொருள் பளிச்சிட்டால்தான் தெரியும் என்கிற அளவில் வைக்கப்பட்டிருந்தால், அது செய்தவரின் தப்பு. அவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆகவே உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டார். சிக்கிக்கொண்டபோது என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எந்த மாடிக்கு மறுபடி போனீர்கள், எந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்தீர்கள், எதை நம்பி ஏமாந்தீர்கள். செய்தவருக்கு இதைவிடப் பயனுள்ள பக்கம் வேறு கிடைக்காது. தன் லெவலைத் தெரியாத கண்ணால் பார்க்க அவரால் ஒருநாளும் முடியாது. மற்ற வாசகரின் சுவையைக் கெடுக்காமலும் இதைச் செய்யலாம்: சாவி இருக்கும் இடத்தைச் சொல்லாமல், அதைத் தேடிய கதையை மட்டும் சொன்னால் போதும். லூட் கணக்கும், அதாவது எவ்வளவு திருட வேண்டும் என்பதும், இதே ரகம். இருக்கிற பொன்னில் ஏறக்குறைய மொத்தத்தையும் எடுத்தால்தான் முடியும் என்று எக்ஸ்பெர்ட்டில் நிபந்தனை போட்டுவிட்டு, கட்டிலுக்கடியில் ஒற்றை நாணயத்தை ஒளித்து வைக்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

அப்படியென்றால் லெவல் எதையும் மறைக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். முதல் விளையாட்டிலேயே 'தி ஸ்வார்டு' என்ற மிஷனில் கான்ஸ்டன்டைன் என்பவரின் மாளிகை வருகிறது. கீழே சாதாரணப் பெரிய வீடு. ஏற ஏறத் தரை சாய்கிறது, அறைகளின் அளவு குழம்புகிறது, கையில் இருக்கும் வரைபடம் பெரிதாக உதவாது. அங்கே எவரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை. இந்த வீட்டில் உன் கணக்கு செல்லாது என்பதை அந்த வீடு முதலில் மெல்லவும் பிறகு உரக்கவும் சொல்லிவிடுகிறது. மறைக்கிறேன் என்று அறிவித்துவிட்டு மறைப்பது வேறு. ரசிகர்களில் பலர் அந்த மாளிகையைப் பின்பற்றிப் பார்த்தார்கள். சாய்ந்த அறையைக் கட்டுவது எளிது. அதற்கு முன்னால் அந்தச் சாதாரணக் கீழ்மாடியைப் பொறுமையாகக் கட்டுவதுதான் கஷ்டம்.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. நான் போடுவதில்லை. ஒருவர் தன் முதல் முயற்சியாக, ஒரே வீடு, ஒரே நகை என்று சின்னதாகச் செய்த மிஷன் இருக்கிறது. பிளாக் பரேடும் இருக்கிறது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய ஹ்யூம் என்ற குற்றவாளியின் கதையைப் பத்து மிஷன்களில் சொல்லும் அதன் பின்னால், தொழில்முறையாகவே லெவல் செய்கிற கையும் இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் முன்னது எப்போதும் தோற்கும். ஆனால் அந்த ஒற்றை வீட்டில் ஏமாற்றாத ஒரு படிக்கட்டு இருந்தால், அதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம். எண் அந்தப் பத்தியைத் தின்றுவிடும். செய்தவரும் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்.

அந்த மிஷனில் இருக்கும் கடிதங்களின் ஆங்கிலம் தடுமாறுகிறது என்றும் கிண்டலாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் எடுத்துவிடச் சொல்வேன். இந்த மிஷன்களைச் செய்கிறவர்களில் பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ரஷ்யர் என்று ஏராளமானோர் உண்டு. ஆங்கிலம் அவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் வந்த மொழி. உங்களுக்கும் எனக்கும் வந்தது போலத்தான். மொழித் தடுமாற்றத்தால் ஒரு துப்பு புரியாமல் போயிருந்தால் எழுதுங்கள், அது விமர்சனம். நடை நயமில்லை என்பது இங்கே பொருட்டில்லை.

இப்போது மாட்டுக்கு வருவோம். இலவசமாகக் கொடுத்தவரின் உழைப்பை மதிப்பதென்றால் என்ன? "அருமை, நன்றி" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்வதை மரியாதை என்று நினைக்கிறோம். ஆண்டுக்கணக்கில் அறை அறையாகக் குடைந்தவருக்கு, நீங்கள் மூன்றாவது மாடியில் எந்தக் கதவருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள் என்று தெரிந்தால் அதைவிடச் சந்தோஷம் உண்டா? எந்த இடத்தில் அலுத்து விட்டுவிடலாமா என்று நினைத்தீர்கள் என்பதும் அவருக்கு வேண்டிய தகவல்தான். விலை போட்டு விற்பவனின் சரக்கைப் பற்றி 'வாங்கலாமா வேண்டாமா' என்று எழுதினால் போதும். இவருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. இவருக்கு இன்னொரு மிஷன் செய்யும் எண்ணம் இருக்கலாம். உங்கள் விமர்சனம் அந்த இரண்டாவது மிஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்றே ஒன்று: வெளியிடுமுன் சோதித்துப் பார்க்கச் சிலரிடம் கொடுத்திருப்பார், கதவு சிக்குகிறது, காவலாளி சுவரில் முட்டி நிற்கிறான் என்பதெல்லாம் அவர்கள் சொல்லியிருக்க வேண்டியது. அப்படிப்பட்ட பிழை ஏதாவது தப்பி வந்திருந்தால் அவருக்குத் தனியாக எழுதுங்கள். திருத்திய பதிப்பு வந்துவிட்டால் உங்கள் விமர்சனம் இல்லாத பிழையைத் திட்டிக்கொண்டு நிற்கும்.

நீங்கள் கேட்டிருந்த இன்னொன்று: தீஃப் வாங்காதவர்களும் இதையெல்லாம் பழக வழி உண்டா? உண்டு. டார்க் மாட் முழுக்க இலவசம். அதற்கு வேறு எந்த விளையாட்டும் தேவையில்லை. அதிலேயே பயிற்சி மிஷன் இருக்கிறது. நீங்களும் அதை முடித்துவிட்டு, சிறிய மிஷன் ஒன்றைத் தடியைத் தொடாமல் ஆடிப் பார்த்து எழுதி அனுப்புங்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஆடுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் ஆடிவிட்டு ஒலி சரியில்லை என்று எழுதினால் அந்த விமர்சனத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்